சவானா (ஜார்ஜியா): அப்பா அம்மாவோடு பழைய சதுக்கங்களையும் பூங்காக்களையும் பார்க்க யோசனை தேவை

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. மார்ச் மாதம் அப்பா அம்மா மதுரையிலிருந்து வருகிறார்கள். நாங்கள் இருப்பது அட்லாண்டாவில். போன முறை வந்தபோது மீன் காட்சியகம், கோக் அருங்காட்சியகம், கோயில் என்று சுற்றிக் காட்டினோம். எல்லாம் பார்த்துவிட்டு அப்பா கேட்ட கேள்வி, "இந்த ஊர்ல பழசுன்னு ஒண்ணுமே இல்லையாப்பா?" ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் அவர். உள்நாட்டுப் போரின்போது 1864ல் வடக்குத் தளபதி ஷெர்மனின் படை அட்லாண்டாவை எரித்த கதையைச் சொன்னேன். "அப்ப எரியாத ஊர் எது?" என்றார்.

அதனால் சவானா. இங்கிருந்து சுமார் 250 மைல், நாலு மணி நேரக் கார்ப் பயணம். இரண்டு நாள் தங்கலாம் என்று எண்ணம். அம்மாவுக்கு முட்டிவலி, தொடர்ந்து நடக்க முடியாது; ஆனால் மரம் செடி என்றால் உயிர். அப்பாவுக்குக் கல்வெட்டு, கட்டடம், ஊர் உருவான கதை. இரண்டு பேரும் மனசு நிறைந்து திரும்ப எதைப் பார்க்கலாம், எதை விடலாம்? போய்வந்தவர்கள், அங்கேயே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

பொன்னி

வாங்க வாங்க. நான் இந்த ஊர்க்காரிதான், பல வருடமாக இங்கே இருக்கிறோம்.

முதலில் தேதியைப் பாருங்கள். மார்ச் 17 செயின்ட் பேட்ரிக் தினம். இங்கே நடக்கிற ஊர்வலம் நாட்டிலேயே பெரியவற்றில் ஒன்று. அதையொட்டி நீரூற்றுத் தண்ணீருக்குப் பச்சை நிறம் கலப்பார்கள். பார்க்க அழகுதான், ஆனால் அந்த வாரம் வயதானவர்களோடு நகர முடியாது, அறை வாடகையும் எகிறிவிடும். மார்ச் கடைசி வாரம் என்றால் அசேலியா பூக்கள் பொதுவாக நன்றாகப் பூத்திருக்கும்.

அம்மாவின் முட்டியைப் பற்றிக் கவலை வேண்டாம். புல் தெருவில் ஆற்றங்கரை பக்கமிருந்து தெற்கே நடந்தால் ஜான்சன், ரைட், சிப்பவா, மேடிசன், மான்டரே என்று வரிசையாக ஐந்து சதுக்கம், முடிவில் ஃபோர்சைத் பூங்கா. மொத்தம் ஒரு மைல்தான். ஒவ்வொரு சதுக்கத்திலும் நிழலும் பெஞ்சும் இருக்கும். சதுக்கத்துக்குச் சதுக்கம் உட்கார்ந்து போனால் அவர் தாராளமாக நடந்துவிடுவார். களைத்துப் போனால் டாட் என்று ஓர் இலவச பஸ் ஊருக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது, ஏறிக்கொள்ளலாம்.

ஆற்றங்கரைத் தெருவுக்கு இறங்குகிற பழைய கல்படிகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். செங்குத்து, ஒழுங்கில்லாத படிகள். நகர மண்டபத்துப் பக்கம் லிஃப்ட் இருக்கிறது, அதில் இறங்குங்கள்.

செங்கல்சூளை

நகரத் திட்டமிடல் என் படிப்பு, என் வேலை. அதனால் இந்த ஊரைப் பற்றி யாராவது கேட்டால் பேசாமல் இருக்க முடியாது.

உங்கள் அப்பாவிடம் முதலில் வரைபடத்தைக் காட்டுங்கள். 1733 பிப்ரவரியில் ஆங்கிலக் குடியேறிகளின் தலைவர் ஜேம்ஸ் ஓகில்தார்ப் ஆற்றை ஒட்டிய மேட்டில் இறங்கியதும் ஊரை வார்டு வார்டாகப் பிரித்தார். ஒரு வார்டு என்றால் நடுவில் திறந்த சதுக்கம். அதன் கிழக்கிலும் மேற்கிலும் இரண்டிரண்டாக நான்கு பொது மனைகள். தேவாலயம், நீதிமன்றம் மாதிரியான கட்டடங்களுக்கு. வடக்கிலும் தெற்கிலும் நான்கு குடியிருப்புத் தொகுதிகள், தொகுதிக்குப் பத்து வீட்டு மனை. மனை 60க்கு 90 அடி. ஒரு குடும்பத்துக்கு ஊருக்குள் இந்த மனை, ஊர் ஓரத்தில் 5 ஏக்கர் தோட்டம், அதற்கு வெளியே மிச்சம் விளைநிலம். எல்லாம் சேர்த்து 50 ஏக்கர்.

இதிலே எனக்குப் பெரிய ஆச்சரியம் என்னவென்றால், முதலில் போட்டது நாலே சதுக்கம். ஆனால் ஊரைச் சுற்றிப் பொதுநிலம் ஒதுக்கி வைத்திருந்ததால், மக்கள் தொகை கூடக்கூட அதே வார்டு மாதிரியை அப்படியே பக்கத்தில் ஒட்டிக்கொண்டே போக முடிந்தது. 1851 வரைக்கும், அதாவது நூறு வருஷத்துக்கும் மேலே, ஒரே வரைபடத்தைப் பின்பற்றி 24 சதுக்கங்கள் ஆயின. தனியார் கையில் நிலம் போயிருந்தால் இது நடந்திருக்காது. இன்று அதில் 22 இருக்கின்றன.

வேகமாகப் போகிற வண்டிகள் வார்டுகளுக்கு இடையிலுள்ள பெரிய தெருவில் போய்விடும். சதுக்கத்துக்குள் வருகிற கார் அதைச் சுற்றித்தான் போயாக வேண்டும், வேகமெடுக்க இடமே கிடையாது. நடக்கிறவர் மட்டும் சதுக்கத்தின் நடுவாக நேரே போகலாம். கார் வருவதற்கு 150 வருஷம் முன்னால் போட்ட திட்டம் இன்றைக்கும் நடப்பவர் பக்கம் நிற்கிறது. நானும் எத்தனையோ ஊர் வரைபடங்களை மேஜையில் விரித்துப் பார்த்தவன், இதைப் போல மனதில் நின்றது வேறில்லை.

1856ல் கட்டிய மாஸி பள்ளி இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கே ஊர்த் திட்டத்தின் மாதிரியை வைத்து விளக்குகிறார்கள். சுற்றத் தொடங்கும் முன் அப்பாவை அங்கே கூட்டிப்போங்கள்.

ஆலமரத்தடி

அம்மாவுக்காக நான் எழுதுகிறேன். ஃபுளோரிடாவில் இருக்கிறேன், தாவரங்கள்தான் என் துறை.

சவானாவின் நிழல் பெரும்பாலும் லைவ் ஓக் மரத்தின் நிழல். அது ஜார்ஜியாவின் மாநில மரமும்கூட. குளிர்காலத்திலும் இலை நிற்கும். வசந்தத்தில் புது இலை தள்ளும்போதுதான் பழையது கொட்டும். நீங்கள் வருகிற மார்ச் அதற்கான நேரம். தரையெல்லாம் பழுப்பு இலை, மேலே இளம்பச்சைத் தளிர், இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பீர்கள்.

கிளைகளிலிருந்து நரைத்த தாடி போலத் தொங்குவது ஸ்பானிஷ் மாஸ். அன்னாசிக் குடும்பத்துச் செடி அது. மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. காற்றின் ஈரத்தையும் மழையையும் இலையில் உள்ள நுண்செதில்களால் குடித்துக்கொள்கிறது. முன்பெல்லாம் இதைப் பதப்படுத்தி மெத்தைக்குள் அடைப்பார்கள். தரையில் விழுந்து கிடப்பதை எடுக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். கடித்தால் நாள்கணக்கில் அரிக்கிற சின்னஞ்சிறு பூச்சிகள் அதில் ஏறியிருக்கும்.

இன்னொன்று, இதைக் கிட்டே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். தடித்த கிளைகளின் மேல்புறத்தில் சின்னச் சின்னப் பெரணிகள் படர்ந்திருக்கும். வெயிலில் சுருண்டு பழுப்பாகி, விரல்பட்டால் நொறுங்கிவிடும்போலக் கிடக்கும். மழை பெய்து சில மணி நேரத்தில் எல்லாம் விரிந்து கிளை முழுக்கப் பச்சையாகிவிடும். மழை பெய்தால் பயணம் கெட்டது என்று அறையில் உட்காராதீர்கள். விட்டதும் வெளியே வந்து அண்ணாந்து பாருங்கள்.

ஃபோர்சைத் பூங்காவின் வடகிழக்கு மூலைக்கு அருகே கேண்ட்லர் ஓக் என்று ஒரு மரம் நிற்கிறது. வயது சுமார் 300 என்கிறார்கள், அதாவது ஊர் பிறக்கும்போதே அது கன்றாக இருந்திருக்கலாம். அதைச் சுற்றிக் கட்டடம், கார் நிறுத்துமிடம் என்று நெருக்க ஆரம்பித்தபோது ஊரின் மர ஆர்வலர் அமைப்பு ஒன்று தலையிட்டு, 1980களில் சட்டப்பூர்வமான பாதுகாப்பு உரிமையை வாங்கியது.

ரொறன்ரோ வாசி

நாங்கள் குளிர்காலத்தில காரில ஃபுளோரிடாவுக்குப் போகேக்க சவானாவில நிண்டு போறது வழக்கம். சரியான வடிவான ஊர். என்ர மனிசிக்கு அந்த ஃபோர்சைத் பூங்கா நீரூற்றைப் பாக்காமல் போனால் பயணமே இல்லை. 1858ல வச்சதாம், வார்ப்பு இரும்பு, வெள்ளை நிறம். நியூயோர்க் கம்பனியின்ர விலைப்பட்டியலைப் பாத்து ஓடர் குடுத்து எடுத்ததாம்.

போனவெஞ்சர் இடுகாட்டுக்கும் கட்டாயம் போங்கோ. அம்மா நடக்கத் தேவையில்லை, உள்ளுக்குக் காரிலயே சுத்தலாம். ஆற்றோரம், ஓக் மரங்கள், கல்லறைச் சிலைகள். இயற்கையியலாளர் ஜோன் மியூர் 1867ல நடைபயணம் வந்து, கைக்காசு வந்து சேரும் வரைக்கும் அங்கதான் கல்லறைகளுக்கு நடுவில சில இரவுகள் படுத்தவர். அதுக்குப் பிறகு வோர்ம்ஸ்லோ. ஒண்டரை மைல் நீளத்துக்கு இரண்டு பக்கமும் 400க்கும் மேல ஓக் மரங்கள், கிளைகள் மேல கைகோத்து நிக்கும். வாசலில நிண்டு ஒரு படம் எடுத்தால் வாழ்நாளுக்கும் போதும். வயசு போன ஆக்களோட போறியள், இந்த மூண்டும் காணும் எண்டு நினைக்கிறன்.

கறுப்பு மை

எல்லாரும் எழுதியதை ஆர்வமாகப் படித்தேன். ஆனால் இத்தனை பதிவுகளிலும் ஒரு முறைகூட அடிமை என்ற சொல் வரவில்லையே! வரலாற்று ஆசிரியரைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள். அவருக்கு மரமும் நீரூற்றும் மட்டும் காட்டித் திருப்பி அனுப்புவது நியாயமில்லை.

ஜார்ஜியாவை நிறுவிய அறங்காவலர்கள் 1735ல் அடிமை முறையைத் தடை செய்தவர்கள். அந்தத் தடை 1751 வரைதான் தாங்கியது. பிறகு நெல், அதன்பின் பருத்தி. பருத்தி விதை நீக்கும் இயந்திரத்தை எலை விட்னி 1793ல் உருவாக்கியது சவானாவுக்கு வெளியே இருந்த மல்பெரி குரோவ் தோட்டத்தில்தான். நீங்கள் படம் எடுக்கப்போகிற மாளிகைகள், ஆற்றங்கரைக் கிடங்குகள் எல்லாம் அந்தப் பணம்.

1859 மார்ச் 2, 3 தேதிகளில் ஊருக்கு மேற்கே ஒரு குதிரைப் பந்தயத் திடலில், கடனில் மூழ்கிய பியர்ஸ் பட்லர் என்ற தோட்ட முதலாளிக்காக 436 பேரை ஏலத்துக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு நாளும் மழை. குடும்பங்கள் பிரிந்தன. கண்ணீர்க் காலம் என்றே அதை இன்று வரை சொல்கிறார்கள். அங்கே ஓர் அறிவிப்புப் பலகை வைக்கவே 2008 ஆனது.

போக வேண்டிய முதல் இடம், என்னைக் கேட்டால், பிராங்க்ளின் சதுக்கத்தில் இருக்கிற முதல் ஆப்பிரிக்க பாப்டிஸ்ட் தேவாலயம். கறுப்பின மக்களின் மிகப் பழைய சபைகளில் ஒன்று. பகலெல்லாம் முதலாளிக்கு உழைத்தவர்கள் இரவில் வந்து கட்டிய கட்டடம், 1859ல் முடிந்தது. அடித்தளக் கூடத்தின் மரத்தரையில் வைர வடிவில் சிறு சிறு துளைகள் இருக்கின்றன. தப்பி ஓடி வந்தவர்கள் தரைக்குக் கீழே ஒளிந்திருக்கும்போது மூச்சுவிட வைத்த துளைகள் என்று சபையார் சொல்கிறார்கள். சபையாரே கூட்டிப்போய்க் காட்டுவார்கள்.

ரொறன்ரோ வாசி

கறுப்பு மை, நீங்கள் சொல்லுறதை நான் மறுக்கேல்லை. ஆனால் ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்த அப்பா அம்மாவுக்கு இரண்டே இரண்டு நாள். துயரம் சுமந்த இடம் எங்களுக்கும் புதுசில்லை, நான் அப்பிடியான ஒரு மண்ணில இருந்து வந்தவன். அதாலதான் சொல்லுறன்: மனிசருக்கு ஒரு மரத்துக்குக் கீழ சும்மா இருக்கிற உரிமையும் வேணும். ஒவ்வொரு நிழலுக்கும் கணக்குக் கேட்டுக்கொண்டு திரிஞ்சால் எங்கயும் இருக்கேலாது.

கறுப்பு மை

அண்ணா, சும்மா இருக்கிற உரிமை என்று சொன்னீர்களே, அதைப் பற்றித்தான் நானும் பேசுகிறேன். அந்த உரிமைக்கு இந்த ஊரிலேயே வழக்கு நடந்திருக்கிறது.

டாஃபின் பூங்கா என்று ஒன்று, இன்றும் இருக்கிறது. நகராட்சிப் பூங்கா, ஆனால் வழக்கத்தில் வெள்ளையருக்கு. 1961 ஜனவரியில் ஆறு கறுப்பின இளைஞர்கள் அங்கே போய்க் கூடைப்பந்து விளையாடினார்கள். வேறொன்றும் செய்யவில்லை. போலீஸ் வந்து போகச் சொன்னது, இவர்கள் போகவில்லை, கைது. பொது அமைதியைக் குலைத்தார்கள் என்று வழக்கு. கைதுக்கு ஒரு காரணம் அவர்கள் கறுப்பர்கள் என்பது என்று கைது செய்த அதிகாரியே சாட்சி சொன்னார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1963ல் தண்டனை ரத்தானது.

பூங்காவுக்கு மட்டுமில்லை. 1960 மார்ச் 16ல் மாணவர்கள் பிராட்டன் தெருக் கடைகளின் உணவு மேசையில் உட்கார்ந்து போராட்டத்தைத் தொடங்கினார்கள். கடைகளைப் புறக்கணிக்கும் இயக்கம் ஒரு வருடத்துக்கும் மேலே நீடித்து, 1961ல் அந்த மேசைகள் எல்லாருக்கும் திறந்தன. அந்த இயக்கத்துக்குத் தலைமை தாங்கியவர்களில் டபிள்யூ. டபிள்யூ. லா ஒரு தபால்காரர். பின்னாளில் கறுப்பின மக்களின் பழைய கட்டடங்களைக் காப்பாற்றுவதிலும் அவர்தான் முன்னால் நின்றார்.

ஆகவே மரத்தடியில் உட்காருவதைக் கெடுக்க நான் வரவில்லை. யார் யார் உட்கார முடியாமல் இருந்தது, யாரால் முடிந்தது என்று தெரிந்து உட்கார வேண்டும் என்கிறேன்.

ரொறன்ரோ வாசி

இந்த வழக்குக் கதையை நான் கேள்விப்பட்டதே இல்லை. அடுத்த முறை போகேக்க டாஃபின் பூங்காவுக்கும் போவன். வோர்ம்ஸ்லோ பற்றி என்ன சொல்லுறியள்? அதுவும் தோட்ட முதலாளியின்ர இடம்தானே. போகலாமோ, கூடாதோ?

ஆலமரத்தடி

வோர்ம்ஸ்லோ பற்றி நான் சொல்கிறேன். அந்த மரவரிசை அடிமைக் காலத்து நடவு இல்லை, 1890களில் அந்தக் குடும்பத்தின் வழிவந்த ஒருவர் வைத்தது. ஆனால் இடம் பழையது. ஓகில்தார்ப்போடு முதல் கப்பலில் வந்த நோபிள் ஜோன்ஸ் என்ற தச்சர், நில அளவையாளர், மருத்துவம் பார்த்தவர், 1740களில் அங்கே கோட்டை வீடு கட்டினார். பின்னால் அடிமைகளின் உழைப்பில் நடந்த தோட்டமும் அதுவே.

போகலாம் என்பது என் கருத்து, ஆனால் வாசலில் படம் எடுத்துத் திரும்புவதற்காக அல்ல. மரவரிசை முடிந்து உள்ளே நடந்தால் அந்த வீட்டின் சுவர்கள் மிச்சம் இருக்கின்றன. டாபி என்கிற கலவை: சிப்பி ஓட்டைச் சுட்ட சுண்ணாம்பு, மணல், தண்ணீர், அதோடு முழுச் சிப்பி ஓடுகள். சுவரைக் குனிந்து பார்த்தால் ஓடுகள் அப்படியே பல் வரிசையாகத் தெரியும். நம் கடற்கரையிலும் கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தவர்கள்தானே, உங்கள் அம்மா அப்பாவுக்குப் பார்த்த மாத்திரத்தில் புரியும். அந்தப் பாதையில் கொஞ்சம் நடக்க வேண்டியிருக்கும், அம்மாவுக்கு முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

போனவெஞ்சரும் முன்பு தோட்டம்தான். 1907ல்தான் நகராட்சி வாங்கிப் பொது இடுகாடு ஆக்கியது. 2016ல் மேத்யூ புயல் அங்கே நிறைய மரங்களைச் சாய்த்தது. நூற்றாண்டுக் கிளைகளெல்லாம் கல்லறைகள்மேல் கிடந்த படங்களைப் பார்த்து அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வைகைக்கரை

எல்லாவற்றையும் அப்பாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். வழக்கமாக ரெண்டு நிமிஷத்தில் வைத்துவிடுவார், நேற்று அம்மா சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. அவர் கேட்கும் கேள்விகள் இவை. ஓகில்தார்ப் வந்தபோது அந்த மேட்டில் யார் இருந்தார்கள், அவர்கள் என்ன ஆனார்கள்? ஷெர்மன் அட்லாண்டாவை எரித்துவிட்டு இந்த ஊரை மட்டும் ஏன் விட்டார்? 24 சதுக்கத்தில் இரண்டு எங்கே போயிற்று?

கறுப்பு மை

ஆசிரியரின் முதல் இரண்டு கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

அந்த மேட்டில் இருந்தவர்கள் யமக்ரா மக்கள். தலைவர் டோமோசிசி, அப்போதே முதியவர். சண்டை இல்லாமல் குடியேறியவர்களுக்கு இடம் கொடுத்து, ஓகில்தார்ப்போடு லண்டன் வரை போய்வந்தார். 1739ல் இறந்தபோது ஊரின் நடுச் சதுக்கத்தில், இன்றைய ரைட் சதுக்கத்தில், அரசு மரியாதையோடு புதைத்தார்கள். ஓகில்தார்ப்பே பாடையைத் தாங்கியவர்களில் ஒருவர். 1883ல் என்ன செய்தார்கள் தெரியுமா? அதே சதுக்கத்தின் நடுவில் ரயில் கம்பெனி நிறுவனர் வில்லியம் கோர்டனுக்கு நினைவுச் சின்னம் எழுப்பிவிட்டார்கள். அந்தக் கோர்டனின் மருமகளுக்கே இது பொறுக்கவில்லை. அவரும் அவரைச் சேர்ந்த பெண்களும் ஸ்டோன் மவுண்டனிலிருந்து ஒரு பெரிய கருங்கல்லை வரவழைத்து, 1899ல் டோமோசிசி பெயரால் சதுக்கத்து மூலையில் வைத்தார்கள். இரண்டையும் ஒரே பெஞ்சிலிருந்து பார்க்கலாம்.

ஷெர்மன் கதை. 1864 டிசம்பரில் படை நெருங்கியதும் ஊரைக் காத்த படை இரவோடு இரவாக ஆற்றைத் தாண்டிப் போய்விட்டது. மேயர் வெளியே வந்து ஊரை ஒப்படைத்தார். சண்டை இல்லாததால் எரிக்கவில்லை. சவானாவைக் கிறிஸ்துமஸ் பரிசாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று லிங்கனுக்குத் தந்தி போனது. இதுவரை எல்லா வழிகாட்டியும் சொல்வார்கள். அடுத்த மாதம் நடந்ததுதான் முக்கியம்.

மேடிசன் சதுக்கத்தில் கிரீன்-மெல்டிரிம் மாளிகை இருக்கிறது, ஷெர்மன் தங்கிய வீடு. 1865 ஜனவரி 12ம் தேதி மாலை அங்கே மாடியறையில் 20 கறுப்பின மதகுருமார்களை உட்கார வைத்து, உங்கள் மக்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். பலர் அடிமைகளாக இருந்தவர்கள். அவர்கள் சார்பில் பேசியவர் கேரிசன் ஃபிரேசியர், 67 வயது, தன்னையும் தன் மனைவியையும் பணம் கொடுத்து மீட்டவர். நிலம் வேண்டும், அதை எங்கள் உழைப்பால் உழுது பிழைத்துக்கொள்வோம் என்றார். நான்காம் நாள் ஆணை வந்தது: கடற்கரையோர நிலத்தைக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக் கொடு. லிங்கன் கொல்லப்பட்டு ஆண்ட்ரூ ஜான்சன் அதிபராக வந்ததும், அந்த வருஷம் முடிவதற்குள் நிலத்தைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பினார். அந்த 40 ஏக்கர் இன்னும் இந்த நாட்டு அரசியலில் தீராத கடன். உழுதவனுக்கு நிலம் என்ற முழக்கத்தைக் கேட்டு வளர்ந்த ஓர் ஆசிரியர் அந்த வீட்டு வாசலில் நிற்க வேண்டும்.

செங்கல்சூளை

மூன்றாம் கேள்வி என்னுடையது. லிபர்ட்டி, எல்பர்ட் இரண்டும் மேற்குப் பக்கம் நெடுஞ்சாலைக்காக அடிபட்டன. மூன்றாவதாக எல்லிஸ் சதுக்கமும் போயிருந்தது. அங்கே இருந்த பழைய சந்தைக் கட்டடத்தை 1954ல் இடித்து அடுக்குக் கார் நிறுத்துமிடம் கட்டினார்கள். ஊரே கொதித்தது. அடுத்ததாக 1820ல் கட்டிய டேவன்போர்ட் வீட்டுக்கு இடிக்கும் ஆபத்து வந்தபோது ஏழு பெண்கள் சேர்ந்து 1955ல் வரலாற்றுச் சவானா அறக்கட்டளையைத் தொடங்கி அதை விலைக்கு வாங்கினார்கள்.

அவர்கள் பிறகு கையாண்ட முறை எளிது, பலன் பெரிது. இடிபடப்போகும் வீட்டை வாங்கு. இடிக்கக் கூடாது, முகப்பை மாற்றக் கூடாது என்று பத்திரத்தில் நிபந்தனை எழுதி விற்றுவிடு. வந்த பணத்தில் அடுத்ததை வாங்கு. இப்படியே நூற்றுக்கணக்கான வீடுகள். எல்லிஸ் சதுக்கத்துக் கார் கட்டடமும் கடைசியில் இடிபட்டு, வண்டிகளைத் தரைக்கடியில் இறக்கிவிட்டு, 2010ல் சதுக்கம் திரும்பி வந்தது. அரை நூற்றாண்டு கழித்து ஓர் ஊர் தன் திறந்தவெளியை மீட்டது என் துறையில் அபூர்வம். கட்டடமாக அந்தச் சதுக்கத்தில் ஒன்றுமில்லை, ஆனாலும் அங்கே போய் நில்லுங்கள்.

இன்னொரு விஷயம். 1733ல் இந்தச் சதுக்கங்கள் வெறும் மணல் திடல்கள். படைப் பயிற்சிக்கும் கிணற்றுக்கும் ஒதுக்கியவை. மரங்கள் 19ம் நூற்றாண்டில் நட்டவை. யாரோ திட்டமிட்டு, நட்டு, தண்ணீர் ஊற்றி, வெட்ட வந்தவனைத் தடுத்துக் கிடைத்த நிழல் இது.

கறுப்பு மை

யாரோ நட்டு என்று சொல்கிறீர்கள். 19ம் நூற்றாண்டின் முதல் பாதி சவானாவில் மண்வெட்டி யார் கையில் இருந்திருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

செங்கல்சூளை

ஆமாம். அதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். நான் முதலில் சொன்ன மாஸி பள்ளி இருக்கிற சதுக்கமே அதற்குச் சான்று என்று தோன்றுகிறது, அதைப் பற்றி எழுதுங்களேன்.

கறுப்பு மை

நீங்கள் குறிப்பிட்ட பள்ளி இருக்கிற சதுக்கம் 1851லிருந்து அடிமை முறையின் பெரிய ஆதரவாளரான ஜான் கால்ஹூன் பெயரில் இருந்தது. அந்தச் சதுக்கத்தின் அடியிலும் சுற்றிலும் அடிமைகளைப் புதைத்த நிலம். ஊர் மக்கள் தொடர்ந்து கேட்டதால் 2022ல் நகர மன்றம் பெயரை நீக்கியது. 2023ல் டெய்லர் சதுக்கம் ஆக்கினார்கள். சூசி கிங் டெய்லர், 1848ல் அடிமையாகப் பிறந்து, கறுப்பினக் குழந்தைக்கு எழுத்தறிவிப்பது குற்றமாயிருந்த காலத்தில், இதே சவானாவில் ஒளிந்து ஒளிந்து படித்தவர். பாட்டி பிள்ளைகளைப் படிக்க அனுப்பும்போது புத்தகத்தைத் தாளில் சுற்றி மறைத்து அனுப்புவார். பதினான்கு வயதில் தானே ஆசிரியர் ஆனார், போரில் கறுப்பினப் படைக்குச் செவிலியாக இருந்தார். பெண் ஒருவரின் பெயர் தாங்கிய முதல் சவானா சதுக்கம் இது. உங்கள் அப்பா ஓர் ஆசிரியர். அவரை முதலில் இங்கே உட்கார வையுங்கள்.

பொன்னி

இந்தப் பெயர் மாற்றத்தின்போது நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருந்தோம். எதிர்த்துப் பேசியவர்களும் உண்டு. இப்போது பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பலகையைப் படித்துவிட்டு யார் இவர் என்று கேட்கிறார்கள், அது போதும் எனக்கு.

இன்னும் இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். இரவானால் பேய் உலா என்று ஏகப்பட்ட வண்டிகள் கிளம்பும். தயவுசெய்து அதில் ஏறாதீர்கள். 1820 மஞ்சள் காய்ச்சலில் ஊர் பத்தில் ஒரு பங்கு போல் இழந்தது, கிட்டத்தட்ட 700 பேர், பலர் காலனி பூங்கா இடுகாட்டில் இருக்கிறார்கள். அவர்களையும் அடிமைகளின் சாவையும் கூச்சலிட்டுச் சிரிக்கிற வேடிக்கை ஆக்குவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. பகலில் அந்த இடுகாட்டுக்குப் போங்கள், கேட்டுக்குள் அமைதியாக நடந்து கற்களைப் படியுங்கள்.

அதற்குப் பதிலாக ஓவன்ஸ்-தாமஸ் வீட்டுக்குப் பணம் கொடுங்கள். 1819 மாளிகை, வில்லியம் ஜே கட்டியது. சுற்றிக்காட்டுவது பின்கட்டில் அடிமைகள் வாழ்ந்த அறையிலிருந்தே தொடங்குகிறது. கூரையில் மங்கிய நீலச் சாயம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவுரி, மோர், சிப்பிச் சுண்ணாம்பு கலந்து பூசியது. கெட்ட ஆவி அண்டாது என்ற நம்பிக்கை. அதைப் பார்த்துவிட்டு முன்வீட்டுக்குள் போகும்போது அந்த வீடே வேறாகத் தெரியும்.

சாப்பாடு: சைவம் என்றால் ஊருக்குள் கஷ்டமில்லை. டைபீ தீவுக்குப் போகிற வழியில் அவித்த நிலக்கடலை விற்பார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். வசந்தத்தில் மாலை நேரம் கண்ணுக்கே தெரியாத ஒரு கொசு கடிக்கும், முழுக்கை சட்டை அவசியம்.

வைகைக்கரை

நன்றி, எல்லாருக்கும். அப்பா, அம்மா, நான் மூவரும் பேசி இப்படி முடிவு செய்திருக்கிறோம்.

முதல் நாள் காலை மாஸி பள்ளி, டெய்லர் சதுக்கம். அங்கிருந்து மேடிசன் சதுக்கம் பக்கம்தான், கிரீன்-மெல்டிரிம் வாசல். பிறகு வண்டியில் ரைட் சதுக்கம் போய் இரண்டு கற்களையும் பார்ப்பது. மதியம் ஓய்வு. மாலை ஃபோர்சைத் பூங்கா, அம்மாவுக்காக, எத்தனை நேரம் வேண்டுமானாலும். இரண்டாம் நாள் தேவாலயம், எல்லிஸ் சதுக்கம், ஓவன்ஸ்-தாமஸ் வீடு. திரும்பும் முன் வோர்ம்ஸ்லோ, அம்மாவுக்கு முடிந்தால் சிப்பிச் சுவர் வரை. போனவெஞ்சர் இந்த முறை இல்லை, ரொறன்ரோ அண்ணன் மன்னிக்கணும்.

டாஃபின் பூங்காவுக்குப் போக வேண்டும் என்று அப்பா ஒற்றைக் காலில் நிற்கிறார். வழியில் வருமா பொன்னி அக்கா?

ரொறன்ரோ வாசி

அடுத்த முறைக்கு ஒண்டு மிச்சம் இருக்கிறது நல்லதுதானே தம்பி. அம்மாவைக் கவனமாக் கூட்டிக்கொண்டு போங்கோ.

பொன்னி

வரும். ஊர் நடுவிலிருந்து வோர்ம்ஸ்லோவுக்குப் போகும்போதே கொஞ்சம் கிழக்கே வளைத்தால் போதும், விக்டரி டிரைவ் மேலேயே இருக்கிறது. அந்தச் சாலை நெடுக அசேலியா, பனை வரிசை, அம்மாவுக்குப் பிடிக்கும். பூங்கா பெரியது. குளத்துப் பக்கம் நிறுத்திக்கொள்ளுங்கள், பெஞ்ச் இருக்கும். சனி, ஞாயிறு என்றால் எல்லா நிறத்துப் பிள்ளைகளும் பந்து விளையாடிக்கொண்டிருப்பார்கள். தேதி முடிவானதும் எனக்குத் தனிச்செய்தி போடுங்கள், முதல் நாள் இரவுச் சாப்பாடு எங்கள் வீட்டில்.